ஞாயிற்றுக்கிழமைச் சக்கரம்

இன்று காலை தோப்பும்படிப் புதுப் பாலத்தில் ஏறும்போது சைக்கிள் செயின் கரகரவென்று இரைந்தது. குனிந்து, சட்டத்தில் இருக்கும் கியர் லீவரைக் கட்டைவிரலால் ஒரு நூல் முன்னே தள்ளினேன். சத்தம் அடங்கியது. "நம்பரத் தேடாதடா, காத வச்சுப் பாரு" என்பாய். உன் சைக்கிளை நான் ஓட்டத் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் குரல் இல்லாமல் ஒரு தடவைகூட கியர் மாற்றியதில்லை.

தொண்ணூறுகளில் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் என்ஜினியர் விட்டுவிட்டுப் போன வண்டி இது. அப்போதே பழசு. வளைந்த ஹேண்டில், பின்னால் ஆறு பல்சக்கரம், ‘க்ளிக்’ என்று ஒரு சத்தமும் போடாத இரண்டு லீவர். நகரசபையில் தெருவிளக்கு மாட்டும் நீ அதில் வேலைக்குப் போனால், மட்டாஞ்சேரி அரிசி மண்டிக்காரர்கள் ஒலிம்பிக்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நீயும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இடக்கொச்சிப் பக்கம் கை காட்டுவாய்.

சில வருடம் கழித்து நானும் கியர் சைக்கிள் வாங்கினேன். புத்தம் புதியது. விரலால் தட்டினால் எண் மாறும். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்கு எல்லாம் எண்ணாக இருந்தால்தான் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போய் சாயா குடித்துவிட்டுத் திரும்புவது நம் வழக்கமானது. எல்லா ஞாயிறும் நீதான் முதலில் பாலத்து உச்சியை எட்டினாய். ஒரு காலை ஊன்றி நின்று, மூச்சிரைக்க வரும் என்னைப் பார்த்து, "மெள்ள வா, பாலம் எங்கயும் போகாது" என்பாய். நீ கேலியாகத்தான் சொன்னாய். எனக்கு அது ஒவ்வொரு வாரமும் சுட்டது. நாற்பது வயதில் இப்படி ஒரு பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு உனக்கு முட்டி வலி வந்தது. ஏணியில் ஏறி இறங்குகிற வேலை, வராமல் என்ன செய்யும். ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்க வேண்டுமென்றால், பின்னால் பெரிய பல்சக்கரம் வேண்டும். எர்ணாகுளத்தில் ஏழு பல்சக்கரம் வைத்த புதுப் பின்சக்கரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். "நீ போட்டுல அங்கப் போறப்ப ஒண்ணு கேட்டுட்டு வாடா. எம் பழைய லீவருக்கு அது சேருமா?" என்றாய்.

நான் கேட்டேன். கடைக்காரர் மலையாளத்தில் தெளிவாகவே சொன்னார்: பழைய லீவருக்கு எத்தனை பல்சக்கரம் என்ற கணக்கே கிடையாது, எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நகரும், ஏழு என்ன, எட்டு வைத்தாலும் ஓடும். க்ளிக் வைத்த புது லீவருக்குத்தான் அந்தத் தொல்லை எல்லாம். திரும்பி வரும்போது படகில் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரி படகுத்துறையில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

"சேராதாம்" என்றேன். "லீவரு, கம்பி, எல்லாம் மாத்தணுமாம். பழைய சட்டம் தாங்காதாம்."

கடைசி வாக்கியம் கடைக்காரர் பேரில் நானாகச் சேர்த்தது. பொய்க்குக்கூட ஒரு முட்டு தேவைப்பட்டது. "நீ சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கி உன் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டாய்.

அதன் பிறகு பாலத்து உச்சியில் நான்தான் முதலில் நின்றேன். எத்தனையோ ஞாயிறுகள். நீ பாதி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பாய், வலியில் வாய் ஒரு பக்கம் கோணும். பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள், எந்தச் சனியன் நாக்கில் உட்கார்ந்ததோ, "மெள்ள வா, பாலம் எங்கயும் போகாது" என்றும் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் உன் மனைவி என்னை வரச்சொன்னாள். "வண்டிய நீங்களே எடுத்துக்கோங்க அண்ணே. வேற யாரும் ஓட்டுனா அவருக்குப் பிடிக்காது." மாடிப்படிக்கு அடியில் வண்டி நின்றது. பின்சக்கரத்தைப் பார்த்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏழு பல்சக்கரம். லீவர் அதே பழைய லீவர். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, லீவரை மெல்ல இழுத்தேன். சிறிய பல்சக்கரத்திலிருந்து பெரியது வரை செயின் முனகாமல் ஏறியது.

சுவரில் ஆணியில், பழைய லுங்கியில் சுற்றிய இன்னொரு சக்கரம் தொங்கியது. "அதுவா, அது ஞாயித்துக்கெழமச் சக்கரம்" என்றாள். "சனிக்கெழம சாயந்தரம் இதக் கழட்டி அத மாட்டுவாரு. திங்கக்கெழம வேலைக்குப் போறதுக்கு முன்னாடி திரும்ப இது. நாலஞ்சு வருஷமா இதே வேலதான். முட்டி வலிய வச்சுக்கிட்டு எதுக்கு இப்பிடின்னு கேட்டா, ‘அவன் ஒரு வார்த்த சொல்லிட்டான், அது அப்படியே இருக்கட்டும்’னுவாரு. என்ன வார்த்தண்ணே அது?"

"தெரியலம்மா" என்றேன்.

இரண்டாவது பொய், அதுவும் உன் வீட்டிலேயே நின்று. முதல் பொய்யை நீ எப்போது கண்டுபிடித்தாய்? ஒரு மாதத்திலா, ஒரு வாரத்திலா? நேரே அந்தக் கடைக்குப் போயிருப்பாய், சக்கரம் வாங்கி மாட்டியிருப்பாய், தெரிந்திருக்கும். என்னிடம் வந்து சட்டையைப் பிடித்திருக்கலாம். வாரத்தில் ஆறு நாள் லேசாக மிதித்துவிட்டு, ஏழாம் நாள் எனக்காக முட்டி நோக நோகப் பின்னால் வந்தாய். நீ திட்டியிருந்தால் நான் எப்படியோ தேறியிருப்பேன்.

உனக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. உன் மனைவிக்கும் மலையாள எழுத்து மட்டும்தான். அந்த தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் சக்கரம் மாற்றுவது நான். ஞாயிறு பழைய ஆறு பல்சக்கரத்தோடுதான் பாலம் ஏறுகிறேன். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது. இன்று காலை உச்சியில் காலை ஊன்றி நின்று, பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு மீன் வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் யாரும் இல்லை.

இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, தீவுக்குப் போகாமல் வண்டியைத் திருப்பி உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் பின்சக்கரத்தைப் பார்த்தாள். "நீங்களும் மாத்துறீங்களாண்ணே?" என்றாள். தலையாட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். என் எதிரே உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

சாயா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.