மடைய அடைடி

அன்புள்ள எழிலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் தம்பி பரிதியும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் பனிக்குப் பிடித்துக்கொள்கிறது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் ஆல்பத்தைக் கேட்டவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உன் நுரையீரல் நன்றாக வேலை செய்வது தெரிகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை படி. உனக்கு ஒரு வேலை இருக்கிறது, அறுவடை மெஷின் வருவதற்குள் அது நடக்க வேண்டும்.

மெலடிக் மெட்டல்கோர் என்றால் என்னவென்று பரிதியிடம் கேட்டேன், "பாதி நேரம் கத்துவாங்க, பாதி நேரம் பாடுவாங்கம்மா" என்றான். எட்டுப் பாட்டையும் கேட்டு முடித்தபோது அது சரியான விளக்கம் என்றுதான் பட்டது. பிறகு கேட்டவர்களின் கருத்துகளை உட்கார்ந்து படித்தேன். ஆங்கில இலக்கியம் படித்ததற்கு இப்படி ஒரு பயன் வரும் என்று நான் நினைத்ததில்லை. முதல் ஆல்பத்துக்கு இது எதிர்பார்த்ததைவிட அதிகம் என்கிறார் ஒருவர். கத்தல், தேன் தடவிய கோரஸ், அப்புறம் எல்லாம் மெதுவாகி இடிப்பது, எட்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்கிறார் இன்னொருவர். டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கிறதாம். நான்காவது பாட்டின் கோரஸ் சோப்பு விளம்பரம் மாதிரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பெண், இந்தப் பாடகியின் குரல் சின்ன வயதிலிருந்து யாருமே காது கொடுக்காத ஒருத்தியின் குரல் என்று எழுதியிருக்கிறாள். அரிசி களைந்த ஈரக்கையோடு அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். இந்த வீட்டில் உன் பேச்சைக் கேட்காமல் யாரால் இருக்க முடிந்தது? கதவைச் சாத்திக்கொண்டு நீ பேசாமல் இருந்த நாட்களும் உண்டு, அதையும்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நீ இதயம் வேறு போட்டிருக்கிறாய். போகட்டும்.

கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். மழைச் சத்தத்தோடு ஆரம்பிக்கிறது, ஒரு பெண் கத்துகிறாள், அந்தக் கத்தலோடு கிட்டார் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. நீதான் என்று நினைத்தேன். திரும்பக் கேட்டபோதுதான் அது நான் என்று தெரிந்தது. முந்திய வருடம் புரட்டாசியில் நீ லீவில் வந்திருந்தாயே, அந்தப் பெருமழையில் நான் மோட்டார் கொட்டகையில் நின்று, வாய்க்கால் ஓரம் நின்ற உன்னைப் பார்த்துப் போட்ட சத்தம் அது. "மடைய அடைடி." வாய்க்காலிலிருந்து நம் வயலுக்குள் தண்ணீர் பாயும் வாயை அடைக்கச் சொன்னேன், வேறொன்றும் இல்லை. நீ மண்வெட்டியை எடுக்காமல் போனை எடுத்திருக்கிறாய். என்னைக் கேட்காமல் பதிவு செய்து, என்னைக் கேட்காமல் உலகத்துக்கும் விட்டிருக்கிறாய். அது போதாதென்று உங்கள் கிட்டார்காரன் பிரபு, மெல்போர்னிலேயே பிறந்து வீட்டில் காதால் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, பாட்டு வரியில் அதை "மடையா, அடிடி" என்று எழுதி, முட்டாளே, அடி என்று ஆங்கிலத்தில் அர்த்தமும் கொடுத்துவிட்டான். மடையா என்று ஓர் ஆணைக் கூப்பிட்டு, அடிடி என்று ஒரு பெண்ணிடம் சொல்கிற அம்மா நான். கேட்பவர்களுக்கு என்ன தெரியும்? ஒருவர் அதைப் பழங்காலப் போர்முழக்கம் என்கிறார், இன்னொருவர் சாமி வந்து சொன்ன வாக்கு என்கிறார், சட்டையில் அச்சடித்தால் வாங்கத் தயார் என்கிறார் வேறொருவர். இந்தக் குழுவிலேயே நல்ல குரல் இந்த அம்மாவுடையது, ஒரே வரியோடு விட்டுவிட்டார்களே என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அதை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை, நானே வைத்துக்கொண்டேன். என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, எழில். உள்ளே இருக்கும்போது அக்கறையாகத்தான் இருக்கிறது, வெளியே வந்ததும் அடிதடியாகிவிடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். உன் அப்பா எதையும் முழுதாகக் கேட்காமல், அதில்தான் தமிழ் இருக்கிறது என்று பரிதி சொன்னதை நம்பி, அந்தப் பாட்டை ஊர் வாட்ஸப் குழுவில் போட்டு, 'என் மகள் பாடியது, அனைவரும் கேட்டு மகிழவும்' என்று எழுதிவிட்டார். நம் கீழ்வயல் நெடுமாறன் சித்தப்பா கேட்டார், மகிழவில்லை. மழை, தண்ணீர், என் குரல், திரையில் மடையா என்று எழுத்து. அந்த மழையில்தான் நம் வயல் நிரம்பி, வரப்பு உடைந்து, தண்ணீர் அவருடைய நாற்றங்காலுக்குள் புகுந்து நாற்று அத்தனையும் அழுகிப்போனது. ஒரத்தநாட்டுப் பக்கமெல்லாம் நாற்றுக்கு அலைந்தார் பாவம். வரப்பில் நண்டு வளை, அதனால் உடைந்துவிட்டது என்று சொன்னோம், அவரும் நம்பினார். இப்போது நாற்றை மூழ்கடித்ததும் அல்லாமல் தன்னை மடையன் என்று பாட்டும் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். அவர் வயல் அறுத்தாகிவிட்டது. நம் வயலுக்கு ரோடு இல்லை, மெஷின் அவர் வயலில் இறங்கித்தான் வர வேண்டும். வழி கேட்கப் போன அப்பாவிடம், "மடையன் வயல்ல எதுக்குண்ணே மெஷின விடுறீங்க, சுத்திப் போங்க" என்றாராம். சுற்றிப் போனால் ஆற்றுக்குள்தான் போகலாம். கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருக்கிறது, தை பிறந்தும் வானம் மூடி மூடித் திறக்கிறது. இன்னொரு மழை பிடித்தால் நின்ற நிலையிலேயே முளைத்துவிடும்.

ஒரு சொல்தானே, விளக்கிவிட்டு வருவோம் என்று போனை எடுத்துக்கொண்டு நானே போனேன். அவரும் செந்தாமரைச் சித்தியும் வீட்டில் இருந்தார்கள். "தம்பி, அது மடையா இல்ல, மடைய. மடைய அடைடின்னு எழில்கிட்ட சொன்னது. நல்லா கேளுங்க" என்று போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். முகம் தெளிந்தது, செந்தாமரைக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் நிறுத்தப் போனேன், "இருங்கண்ணி, ஓடட்டும்" என்று போனைக் கையில் வாங்கிக்கொண்டார். கிட்டார் எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியில் திரும்பவும் தண்ணீர்ச் சத்தம் வருகிறதே, ஆல்பத்திலேயே அழகான இடம் என்று கேட்டவர்களெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். தூரத்தில் மெலிதாக என் குரல், "அடைச்சிட்டியா?" பக்கத்தில் உன் குரல், "அடைச்சிட்டேம்மா." அதற்குப் பிறகும் தண்ணீர் மடையில் கொப்பளித்துப் பாய்ந்துகொண்டே இருக்கிறது. பாட்டு முடியும்வரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்ப நண்டு வளை இல்லண்ணி" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு நீ மடையை அடைக்கவில்லை, இன்றைக்கு என் வாயை அடைத்துவிட்டாய். நண்டு வளை என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான், உன் வார்த்தையை நம்பித்தான் சொன்னேன்.

கிளம்பும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மடையன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன். வழி விடுறேன், அந்தப் புள்ள எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். நீங்களோ அண்ணனோ சொன்னா வேணாம்."

பிரபுவின் தப்பை நீ ஏன் திருத்தவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. மடை எது, மடையன் எது என்று தெரியாத பெண்ணா நீ? மடை என்று எழுதினால் அது திறந்திருந்ததும் தெரிந்துவிடும். அதற்குப் பதில் உன் அம்மா யாரையோ திட்டியதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாய். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டுகிறவள், அந்த "அடைச்சிட்டேம்மா"வை மட்டும் ஏன் வெட்டவில்லை? கவனக்குறைவா, அல்லது யாராவது கேட்கட்டும் என்றா? பதில் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள். அவசரப்பட்டு அந்தப் பாட்டையும் எடுத்துவிடாதே, என் குரலையும் வெட்டாதே. எழுத்தை மட்டும் திருத்து. என் குரலைப் பாட்டில் போடுவதற்கு முன் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அதுதான் இன்னும் எரிச்சல்.

மெஷின் வியாழக்கிழமை வருகிறது. சித்தப்பா மாடு கறந்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில்தான் இருப்பார், உன் ஊரில் அது தூங்கும் நேரம் என்றால் விழித்திரு. எனக்கு முதலில் போன் செய்து ஒத்திகை பார்க்காதே, நேராக அவருக்குப் போடு. வாசல்வரை வந்த செந்தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசச் சொல்லுங்கக்கா, ஆனா கத்தாம பேசச் சொல்லுங்க, அவருக்கு பிரஷர் இருக்கு" என்றாள்.

தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடி. எங்கே நின்று பாடினாலும் உன் குரல் உடையாமல் இருக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். வியாழன் என்பதை மறக்காதே.

மடையை அடைக்கச் சொன்ன,
உன் அம்மா
மாலதி