வான்கரை என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை, அண்ணி

என் பிரியமான எமிலி அண்ணி,

போன வெள்ளிக்கிழமை வான்கரையை மூடிவிட்டேன். நீங்கள் தொடங்கிய கம்பெனியை மூடியது நான்தான் என்பதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம். ரொம்பக் களைத்துப்போய் எழுதுகிறேன். முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் நல்ல இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை மாடியில் ஒரு அறை பிடித்து 'வான்கரை கம்யூனிகேஷன்ஸ்' என்று போர்டு மாட்டினீர்கள். மாடி ஏறி வந்தவர்களெல்லாம், "கேபிள் டிவி கனெக்சன் குடுப்பீங்களா?" என்றே கேட்டார்கள். "இல்லீங்க, லைன் போகாத ஊருக்கு சாட்டிலைட் வழியா நெட்டு குடுக்கிறோம்" என்று ஒவ்வொருவருக்கும் முதல்முறை சொல்வதுபோல் சொன்னீர்கள். எப்படி உங்களுக்குச் சலிக்காமல் இருந்தது?

முதல் சாட்டிலைட் தட்டைக் கண்டாச்சிபுரத்தில் ஒரு வங்கியின் மொட்டைமாடியில் வைத்தோம். அங்கே லைன் அறுந்தால் பென்ஷன் வாங்க வந்த கிழவர்கள் பொழுது சாயும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வெயிலில் நின்று தட்டை இம்மி இம்மியாகத் திருப்பி, "வந்துடுச்சி ரீட்டா!" என்று நீங்கள் கத்தியது கீழே தெருவரைக்கும் கேட்டது. பிறகு பள்ளிக்கூடங்கள், பெட்ரோல் பங்க்குகள், ஆஸ்பத்திரிகள். காசியும் இன்னும் சில டெக்னீஷியன்களும் சேர்ந்தார்கள். அலுவலகத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் புயல். மரக்காணம் பக்கம் கடலோர ஊர் ஒன்றில், ஜனங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்துக்கு நாம் இருவரும் போய்ச் சேர்ந்தோம். டவர்கள் விழுந்து செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. ஜெனரேட்டர் போட்டு, கூரையில் தட்டை நிமிர்த்தி, ஒரே ஒரு போனுக்கு உயிர் கொடுத்தீர்கள். மொத்த ஊரும் வரிசையில் நின்றது. வெளிநாட்டில் இருந்த மகனிடம் ஒரு அம்மா, "உயிரோட கீறேன்யா, படகுதான் போச்சி, நீ சாப்புடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீங்கள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

விழுப்புரத்தில் ரயில்வே வேலையில் இருந்த அண்ணனை மட்டும் நீங்கள் கூப்பிடவேயில்லை. அவர் எப்படியோ பைக்கைத் தள்ளிக்கொண்டு சேற்றில் வந்து நின்றார்.

"ஊருக்கே போன் போட்டுக் குடுத்துக்கினு இருக்கியே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தேடிக்கினு வர்றேன்!"

"நீங்க எப்படியும் தேடி வந்துடுவீங்கன்னு தெரியுங்க. இவங்களைத் தேடி வர்றதுக்கு யாரு இருக்காங்க?"

சொல்லிவிட்டு நீங்கள்தான் அழுதீர்கள். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் போன் அவருக்குத்தான்.

அடுத்த சில வருஷங்களில் ஊர் ஊராக ஃபைபர் வந்தது. நம்மைப் பாராட்டியவர்களே ஒவ்வொருவராக லைனை நிறுத்தினார்கள். நான் கொதித்தேன். நீங்களோ, "ஜனங்களுக்கு நெட்டு கெடைச்சா சரி. எது வழியா வந்தா என்ன?" என்றீர்கள். மனதாரச் சொன்னீர்களா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னீர்களா? கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் உங்களுக்கு உடம்பு கெட்டுவிட்டது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூடணும்னா மூடிடு ரீட்டா. எனக்காக இழுத்துக்கினு கெடக்காத. நம்ம ஆபீஸ் பசங்களுக்கு மட்டும் வேற வேலை பாத்துக் குடு" என்றீர்கள். நான் கேட்கவில்லை. நீங்கள் போன பிறகும் இழுத்துக்கொண்டுதான் கிடந்தேன். பழைய தட்டுகளுக்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை. மழைக்காலம் வந்தாலே சிக்னல் போய் பேஜாருதான். காலையில் மாடிப்படியைப் பார்த்தாலே மூச்சு வாங்கும்.

கடைசியில் நம் கம்பெனியை வாங்கிக்கொள்ள சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பேரையும் சேத்துக் குடுத்துடுங்க மேடம்" என்றார். "எங்க கம்பெனின்னு சொன்னா ஜனங்க போனை வெச்சிடுறாங்க. வான்கரைன்னா நின்னு பேசுவாங்க."

அந்தப் பெயரைச் சொல்லி யாரோ ஒருத்தி கூப்பிடுவாள். நீங்கள் அனுப்பிய ஆள் என்று நம்பி, அவள் விற்கும் எதையும் அவர்கள் வாங்கிவிடுவார்களே, அண்ணி?

"பேரு குடுக்க மாட்டேங்க. மெஷின எடுத்துக்குங்க. எங்க பசங்களுக்கு வேலை குடுங்க."

"பேரு இல்லன்னா நாங்க சொன்ன ரேட்டு வராதுங்க மேடம்."

"வேணாம். கொறச்சிக்குங்க."

அவர் வெளியே போய் யாரிடமோ வெகுநேரம் பேசிவிட்டு வந்து சம்மதித்தார். காசி உட்பட எல்லோரையும் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டபோது அழுகை வரும் என்று நினைத்தேன். கொட்டாவிதான் வந்தது.

போர்டைக் கழற்றிய காசி, "இத எங்க வெக்கிறது மேடம்?" என்று கேட்டான். வீட்டு வாசலில் அது நுழையவில்லை. அண்ணன் தூக்கிக்கொண்டுபோய், கொல்லையில் தண்ணீர் மோட்டாருக்கு மேல் கூரையாகப் போட்டுவிட்டார். நேற்று நல்ல மழை. மோட்டார் நனையவில்லை.

வான்கரை என்று சொல்லி இனி யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள், அண்ணி. நான் இருக்கும்வரை விடமாட்டேன். இப்போது கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
ரீட்டா