வேல்ராஜ் கொடுத்த சான்று

பானு அப்பாவுக்கு,

தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். கம்மங்கஞ்சி மூடி வைத்திருக்கிறேன், மோர் ஊற்றிக் குடியுங்கள். எட்டு நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர் வரும். குடங்களில் பிடித்து வையுங்கள்.

பிளம்பர் லைசென்சுக்கு, ஏற்கெனவே லைசென்சு வைத்திருப்பவரிடம் மூன்று வருடம் வேலை பார்த்ததாகச் சான்று வேண்டும் என்று நகராட்சியில் சொன்னதற்கு, நேற்று என் முன்னால் சோற்றுத் தட்டைத் தள்ளினீர்கள். "எங்கிட்ட தொழில் படிச்ச வேல்ராஜ்கிட்ட நான் போயி நிக்கணுமாக்கும்?" இந்த விதி இல்லாத காலத்தில் அவர் மனுப் போட்டபோது, "குழாய் மாட்ட காயிதம் எதுக்குலே" என்று சிரித்ததும் நீங்கள்தான்.

காலையில் நானே போய் வாங்கி வந்துவிட்டேன். காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. "அண்ணாச்சி எனக்குக் கையாளா இருந்தாருன்னு எப்படி மதினி எழுதுவேன்" என்று அவர் அழாத குறை. நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினார். இன்றைக்குக் கடைசி நாள். நாலு மணிக்குள் கொடுத்துவிடுங்கள்.

பொன்மணி

மறந்துவிட்டேன். கடைசியில் "பொறுமைசாலி" என்று அவராகவே சேர்த்திருக்கிறார். அடித்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும் மதினி, ஆபீசரு அண்ணாச்சிகூட ஒரே வீட்லயா இருக்கப் போறாரு" என்றார்.