அவரைப் பந்தலுக்கு வந்த மருந்து

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து எங்கள் வீட்டில் ஒருவரிடமும் காட்டிவிடாதீர்கள், முக்கியமாக அப்பாவிடம். செத்துப்போன என் அக்காவுக்கு எழுதுகிறேன்.

அக்கா, அந்த நெடி மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்று மாலை கடைக்குப் போய் வந்த அப்பா, பூச்சி மருந்து பாட்டில் ஒன்றை மாடிப்படிக்குக் கீழே வைத்தார். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போர்வைக்குள்கூட எனக்கு அதே நெடி. பக்கத்தில் நம் குட்டித் தங்கச்சி பாப்பா தூங்குகிறாள். உன்னைப் போலவே அவளுக்கும் இப்போது இழுப்பு வருகிறது. அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நீ எடுத்து வைத்திருந்த அவரை விதையை நான்தான் மொட்டை மாடியில் ஊன்றினேன். பனி தொடங்கியதும் கொழுந்திலெல்லாம் அசுவினிப் பூச்சி, கறுப்புப் பேன் மாதிரி அப்பிக்கொண்டது. முன்பு நாம் இருவரும் செய்ததையே செய்தேன். பூச்சி மொய்த்த நுனிகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் அடிப்பக்கம் தெளித்தேன். அப்போதெல்லாம் இலையைத் திருப்பிப் பிடிப்பது உன் வேலை. நான் தெளிப்பதில் பாதி உன் முகத்தில்தான் விழும். “ஏனுங்க அம்மணி, பூச்சி அங்கிருக்குதுங்க, நான் இங்கிருக்கேனுங்க” என்பாய்.

பொறிவண்டின் புழுவை முதன்முதலில் பார்த்து நசுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாய். “குட்டி முதலையாட்டம் இருந்தா கெட்டதா? பாரு, அசுவினிய எப்படித் திங்குதுன்னு.” இந்த முறையும் அவை வந்தன. அசுவினி குறைந்துகொண்டும் இருந்தது. இன்று மாடிக்கு வந்த அப்பாவின் கண்ணில் பட்டவை அந்தப் புழுக்கள்தான்.

“புழு உழுந்துபோச்சு கண்ணு. அக்கா எடுத்து வெச்ச வெதை. இதையும் உட்டுப்போட முடியுமா? நாளைக்கு வெடியால மருந்தடிச்சுப்போடலாம்.”

“அது நல்ல புழுங்கப்பா.”

“புழுவுல நல்லது கெட்டது ஏது சாமி?” என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அவருக்குத் தெரியாது அக்கா. போன வருடமும் இப்படித்தான், உன் கொடி காய்ந்துவிடக் கூடாதென்று கிணத்துக்கடவுத் தோப்பில் அடித்து மிஞ்சிய மருந்தை வாங்கி வந்து கொடுத்தார். “ஒரு மூடி ஊத்துனாப் போதும்” என்று சொல்லிவிட்டு லாரி ஏறி வெளியூர் லோடுக்குப் போனார். நீ முகத்தில் துணிகூடக் கட்டாமல், காற்றுக்கு எதிரே நின்று அடித்தாய். இருமிக்கொண்டே கீழே இறங்கினாய். அன்று வந்த இழுப்பு ஆஸ்பத்திரியிலும் அடங்கவில்லை.

அப்பா ஊர் திரும்பியபோது, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்து, “மருந்துன்னு வாயத் தொறந்தறாத. அவரு வாங்கியாந்தது. தெரிஞ்சா அந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாருடி” என்றாள். அன்றிலிருந்து அப்பா பனியைத்தான் திட்டுகிறார். பொழுது சாய்ந்தால் பாப்பாவின் காதைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுகிறார்.

அம்மாவுக்கு இன்று பல்லடத்து மில்லில் ராத்திரி ஷிப்ட். போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அவள் வருவதற்குள் அப்பா அடித்து முடித்துவிடுவார். பாப்பா கண் விழித்ததும் பந்தலடிக்குத்தான் ஓடுவாள். பிஞ்சைப் பறித்துப் பச்சையாகவே தின்பாள்.

பாட்டிலை ஒளித்து வைத்தால் இன்னொன்று வாங்கி வருவார். உண்மையைச் சொன்னால் அப்பா என்ன ஆவார்? கண்ணை மூடினால் நீ மாடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாய். இருமுகிறாய். உன் சிரிப்பை நினைத்துப் பார்க்க எவ்வளவோ முயல்கிறேன், அந்த இருமல்தான் வருகிறது. இத்தனை நாளும் அந்த உண்மையை அம்மாவும் நானும் மட்டும் மனசில் வைத்துக்கொண்டிருந்தோம். இனி என்னால் முடியாது.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

“தூங்கலையா கண்ணு? லைட்டு எரியுது. பாப்பாவுக்குப் பனி படாம சன்னலச் சாத்துனியா?”

திறக்கப் போகிறேன் அக்கா. “அக்காவைக் கொன்னது பனி இல்லைங்கப்பா” என்றுதான் முதலில் சொல்வேன்.