சிவப்பு தெளிந்த வாரம்

மச்சான்,

காசநோய் மாத்திரை தொடங்கிய மறுநாளே வடக்கனந்தலிலிருந்து இன்று ஒருவர் வந்தார். என் மேசையருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒண்ணுக்கு செவப்பா போவுது சார். சீக்குதானே வெளிய வருது?" அறையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்!

நீயும் அன்று இதைத்தான் கேட்டாய். கள்ளக்குறிச்சி காசநோய்ப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கரும்பு வண்டி ஓட்டும் நீ, எலும்பும் தோலுமாய் மிரண்டு நின்றாய். உன் பயத்தைப் போக்க, சும்மா ஒரு பேச்சுக்கு, "ஆமாண்டா, சீக்கு கரைஞ்சு போய்க்கினு கீது" என்றேன். அது மாத்திரையின் சாயம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இரண்டே மாதத்தில் தேறிவிட்டாய். அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. கச்சிராயபாளையம் சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. உன் மாத்திரை தீர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சைக்கிளை ஒவ்வொரு மரத்தின் மேலும் தூக்கிக் கடந்தேன். நான்காவது மரத்தில் கோடாலியோடு நின்றவன் நீ.

கூட்டத்தில் யாருக்கும் உன் நோய் தெரியாது. என்னை ஓரமாய் இழுத்துப் போனாய். "மாத்திரை இன்னாத்துக்குடா? செவப்பு தெளிஞ்சுபோச்சு. சீக்கு மொத்தமும் எறங்கிடுச்சு" என்று சிரித்தாய். மாத்திரை நின்றதால் அதன் சாயமும் நின்றிருந்தது, அவ்வளவுதான். "அப்படி இல்லடா, அது வந்து..." என்று தொடங்குவதற்குள் போலீஸ் வேன் வருவதாக யாரோ அலறினார்கள். பொட்டலத்தை உன் கையில் திணித்தேன். கரும்புக்குள் ஓடி மறைந்தாய். வாங்கிக்கொண்டவன் போட்டுக்கொள்வாய் என்று நம்பினேன். சாலை திறந்த பிறகும் நான் உன்னைத் தேடி வரவில்லை. நீ நன்றாக இருப்பதாக ஊரார் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்தக் கிருமியைப் பற்றிப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். நுரையீரலில் உடம்பு அதை மடக்கிப் போடும். காற்றும் தீனியும் சரியாகக் கிடைக்காது. அப்போதும் அது சாகாது. பெருகுவதை நிறுத்திக்கொண்டு, நம் கொழுப்பையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அடங்கிக் கிடக்கும். பெருகிக்கொண்டிருப்பதை மாத்திரை சீக்கிரம் கொன்றுவிடும். அடங்கிக் கிடப்பதைக் கொல்ல மாதக்கணக்காகும். நீ தெம்பாகக் கோடாலி வீசிய அன்றும் அது உனக்குள் இருந்தது.

கரும்பு அரவை தொடங்கியதும், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில், வண்டி மேலேயே ரத்தம் கக்கினாய். பொங்கலுக்கு நீ இல்லை. பிரிக்காத பொட்டலத்தை உன் மனைவி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்று வந்தவர், "இன்னா சார், இப்டி கத்துறீங்க?" என்று எழுந்துகொண்டார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அது மாத்திரை சாயம்யா. தெளிஞ்சாலும் சீக்கு உள்ளதான் கீது. நிறுத்தாத." அவரையும் சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்று முறை சொல்லவைத்துத்தான் அனுப்பினேன். உன்னிடம் நான் ஒரு முறைகூடச் சொல்லி முடிக்கவில்லை, மச்சான்.