சுவரைப் பார்த்த கோப்பைகள்

டாலிஸ், மிசிசிப்பி
1987 அக்டோபர் 6, செவ்வாய், காலை 6.40

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

பழைய கடைகள் பதினொன்று. பத்துக்குப் பூட்டு. தீவனக் கடையில் ஆந்தை குடியிருக்கிறது. துணிக்கடையில் விற்காத தொப்பிகள் பெட்டியோடு கிடக்கின்றன. எது நிற்கும், எதை இடிக்கலாம் என்று எழுதித் தருவது என் வேலை. நான்கு நாளாக அளவு நாடாவோடுதான் பேச்சு.

திறந்திருப்பது ஒடெஸா அம்மாள் கடை. வழக்கமாகக் காபிக்கு வருகிறவர்களின் கோப்பைகள், நகப்பூச்சில் எழுதிய பெயர்களோடு, பின்சுவரில் தொங்குகின்றன. அங்கேதான் விரிசல். நேற்று அந்த அம்மாள் வெளியே போயிருந்தபோது இருபத்தாறையும் கழற்றி, அளந்துவிட்டு, பெயர் தெரியும்படி ஒழுங்காக மாட்டினேன். முன்பு கண்டபடி திரும்பிக் கிடந்தன.

ஒன்றில் அப்பா பெயர், ராஸ்கோ. நான் யார் மகன் என்று இங்கே சொல்லவில்லை. அம்மா நம்மைக் கூட்டிக்கொண்டு இந்த ஊரைவிட்டுக் கிளம்பியபோது எனக்கு மூன்று வயது. அவரைப் பற்றி என்னவென்று விசாரிப்பது?

உன் தம்பி,
லமார்

டெட்ராய்ட்
அக்டோபர் 12

லமார்,

முட்டாளே, இறந்தவர்கள் கோப்பையைத்தான் சுவர் பக்கம் திருப்பி மாட்டுவார்கள். நீ பிறக்கும் முன்பிருந்தே அந்த ஊர் வழக்கம்.

அப்பாவுடையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது? விரிசலை நூலிழை சுத்தமாக அளக்கிறாய், இதைப் பார்க்கவில்லையா? நான் அவருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கோபம் போல என்று விட்டுவிட்டேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு எழுது.

வெர்னா

டாலிஸ்
அக்டோபர் 17, சனி, காலை 7.15

அன்புள்ள அக்கா,

கோப்பைகள் இருபத்தாறு. சுவரைப் பார்ப்பவை பத்து. ஒடெஸா அம்மாள் அன்றைக்கே நினைவிலிருந்து திருப்பிவிட்டாராம்.

"இஞ்சினியர் தம்பி, செத்தவங்களையெல்லாம் காபிக்குக் கூப்பிட்டுட்டியே" என்றார்.

"ராஸ்கோவோடது?"

"அது எப்பவும் இந்தப் பக்கம்தான் பார்த்துட்டிருந்துச்சு."

எனக்கு மூச்சு வந்தது.

"அவரு போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. சொந்த ரத்தம்தான் திருப்பணும். யாரு வந்தீங்க?"

அவர் என் காதைக் காட்டினார்.

"வந்த அன்னிக்கே உன் காதைப் பார்த்தேன். அப்படியே அவரு காது. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

இனிச் செய்யப்போவது:

1. பின்சுவர் நிற்காது. அப்படியேதான் எழுதுவேன்.
2. எந்த ஆணியில் எந்தக் கோப்பை, எந்தப் பக்கம் என்று வரைந்து வைப்பேன். புதுச் சுவரிலும் அப்படியே மாட்ட வேண்டும்.
3. அப்பாவுடையதை இன்று திருப்ப மாட்டேன். நவம்பர் கடைசிவரை இங்கே இருப்பேன். நீ வா.
4. நீ வராவிட்டால் நானே திருப்புவேன். அதுவரை தினமும் காலை ஏழு மணிக்கு அதற்கு எதிரே உட்கார்ந்து காபி குடிப்பேன்.

லமார்