ஐந்தாவது ஆள்

அன்பு மருமகள் டெஸ்ஸாவுக்கு, உன்னைத் தோளில் போட்டு வளர்த்த மாமன் ஹோபார்ட் எழுதுவது. நானும் உன் அம்மா நோரீனும் சுகம், என் முழங்காலைத் தவிர. ஆரிகனில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

நிலக்கரிக் கம்பெனியால் நம் கிணற்றுத் தண்ணீர் துருநிறமானதை விசாரிக்கச் சட்டமன்றத்தில் ஐந்து பேர் குழு போட்டார்கள் அல்லவா, அதற்கு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தலைநகருக்குப் போனேன். ஆயிரம் பேர் கூட்டம், என்னைக் கண்டதும் வாசல் போலீஸ்காரன் சல்யூட் அடித்தான். கம்பெனிமேல் தப்பு என்று குழு சொல்லிவிட்டால் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வரும், கோடையில் நீ குழந்தையோடு வரலாம் என்று உன் அம்மா தொட்டிலுக்குப் பெயின்ட்கூட அடித்து வைத்திருந்தாள்.

அந்த யோக்கியர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதியைக் கேள். கம்பெனியிடம் தேர்தல் நன்கொடை வாங்கியவன் எழுந்து சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். ஆனால் வாங்கியவர்கள் ஐந்து பேர் இருந்துவிட்டால் அது பொதுவான காரியமாம், யாரும் ஒதுங்க வேண்டாமாம். தலைவர் விட்லாக் கூச்சமே இல்லாமல் எழுந்து, "நானும் வாங்கியிருக்கேன்" என்றான். பின்னாலேயே மூன்று பேர், ஞானஸ்நானத்துக்கு வரிசையில் நிற்கிற மாதிரி. மொத்தம் நாலுதான். மிஞ்சியது புதிதாக ஜெயித்த பிளெவின்ஸ் அம்மாள்; நாலு பேரும் ஒதுங்கினால் அவள் ஒருத்தி ஓட்டுதான் தீர்ப்பு. அவள் காலையில் வாசலிலேயே உன் அம்மாவின் கையைப் பிடித்து, "கவலைப்படாதே நோரீன், என் ஓட்டு உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள். விட்லாக் முகம் செத்துப்போயிற்று. உடனே சாப்பாட்டு இடைவேளை விட்டான்.

திரும்பி வந்ததும் அந்த அம்மாள் எழுந்தாள். "இப்பத்தான், சாப்பிடும்போது, எனக்கும் நன்கொடை கிடைச்சுது" என்றாள். "அஞ்சு பேர் ஆயாச்சு, எல்லாரும் ஓட்டுப் போடலாம்" என்றான் விட்லாக். போட்டார்கள். கிணறு தானாகவே நிறம் மாறியதாம், ஐந்துக்கு ஐந்து.

சும்மா இருப்பேனா? கட்டடமே அதிர, "நாலு பேர் வாங்கினா அசிங்கம், அஞ்சு பேர் வாங்கினா சட்டமாடா?" என்று கேட்டேன். "உட்காருங்கண்ணே, உங்க பிரஷருக்கு ஆகாது" என்றான் பாவி விட்லாக். உன் அம்மா மட்டும் வெளியே வரும்போது பிளெவின்ஸிடம், "வயிறு நிறைஞ்சுதாம்மா?" என்று கேட்டாள். அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே போய்விட்டாள்.

கோடையில் வர வேண்டாம், கண்ணு. உன் அம்மாதான் எழுதச் சொன்னாள். மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். மறக்காமல் குழந்தையின் படம் ஒன்று அனுப்பு. குளிப்பாட்டும்போது எடுத்ததாக இருக்க வேண்டுமாம், தண்ணீர் தெரிகிற மாதிரி.

உன் மாமன்,
ஹோபார்ட்